நோயாளியின் சொல்லும் ஆஸ்பத்திரியின் சொல்லும்

(உத்திரமேரூரில், செவிலியர் உதவியாளர் வேலைக்குப் பயிற்சி பெற்று வரும் பெண்கள், இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



படுக்கை விரிப்பது எப்படி, கட்டுக் கட்டுவது எப்படி, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்குச் செய்து காட்ட டாக்டர்களும் நர்ஸுகளும் இருக்கிறார்கள். நான் பேச வந்த விஷயம் வேறு. நான் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

‘சொல்லிலே என்ன இருக்கிறது? வேலையைச் செய்தால் போதாதா?’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். போதாது! நமது காஞ்சிபுரத்து நெசவாளியைக் கேளுங்கள். பாவு என்பார், ஊடை என்பார், கோர்வை என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள்தான். பாவு என்று சொன்னதை ஊடை என்று கேட்டுக்கொண்டால் தறியில் இருக்கும் புடவை பாழாகும். தொழில் செய்கிறவருக்குச் சொல்லும் ஒரு கருவி. உங்கள் தொழிலில் அந்தக் கருவி தவறினால் உயிரே போகும்!

நோயாளி தன் ஊர்ப் பேச்சில் உங்களிடம் சொல்கிறார். நீங்கள் நர்ஸிடம் சொல்கிறீர்கள். நர்ஸ் டாக்டரிடம் சொல்கிறார். டாக்டர் சீட்டில் எழுதுகிறார். அந்தச் சீட்டு மறுபடியும் உங்கள் கைக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியும் நீங்கள்தான், கடைசிக் கண்ணியும் நீங்கள்தான். ஊர்ப் பேச்சும் ஆஸ்பத்திரிப் பேச்சும் சந்திக்கிற இடத்தில் நிற்கிறவர்கள் நீங்கள். இரண்டு பாஷையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றவை எல்லாம் இதற்கு உதாரணங்கள்.

திருமுக்கூடல் சொல்லும் செய்தி

உங்கள் ஊர்க் கல்வெட்டு உலகப் பிரசித்தம். வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போக முடியாது என்பதையும் அதே கல்வெட்டுத்தான் சொல்கிறது. அது கிடக்கட்டும்.

இங்கிருந்து வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே பெருமாள் கோயில் சுவரில் இன்னொரு கல்வெட்டு உண்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கு அப்படியே இருக்கிறது. அதன் பெயர் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள். படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர். அறுவை செய்பவர் ஒருவர். அவரைச் சல்லியக் கிரியை பண்ணுவான் என்று கல்வெட்டு குறிக்கிறது. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து செய்ய இரண்டு பேர். நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்க இரண்டு பெண்கள். அவர்களுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் மருந்தடும் பெண்டுகள்.

சகோதரிகளே! 950 ஆண்டுகளுக்கு முன்பே, இதே வட்டாரத்தில், உங்கள் வேலைக்குப் பெயர் இருந்தது, கூலியும் இருந்தது. கூலி எவ்வளவு? மருத்துவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்து 30 கலம் நெல்லும் 1 காசும். அதாவது ஆளுக்கு 15 கலம் நெல், அரைக் காசு. நெல்லில் ஆறில் ஒரு பங்கு, காசில் பதினாறில் ஒரு பங்கு! இரவெல்லாம் கண் விழிக்கிற கைக்குக் குறைவாக அளக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கும் அந்தக் கல்லே சாட்சி.

ஊர்ச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நோய்

இப்போது ஊர்ப் பேச்சுக்கு வருவோம். ‘மயக்கமா கீதும்மா’ என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு என்ன பொருள்? தலை சுற்றுகிறது என்பதும் மயக்கம். கண் இருட்டுகிறது என்பதும் மயக்கம். நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம். பசியால் உடம்பு தளர்ந்ததும் மயக்கம். நான்கும் நான்கு வெவ்வேறு சங்கதி. நீங்கள் நர்ஸிடம் போய் ‘அவருக்கு மயக்கம்’ என்று சொன்னால் எதையும் சொன்னதாகாது. ‘தலை சுத்துதா, கண் இருட்டுதா, கீழே விழுந்தீங்களா, விழுந்தது ஞாபகம் இருக்குதா?’ என்று கேட்க வேண்டும். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் அது தாழ்சர்க்கரை. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. பார்த்தீர்களா? ஒரே சொல். அதைப் பிரித்துக் கேட்டால் சர்க்கரைத் தண்ணீர் உயிரைக் காக்கும். கேட்காமல் ஊற்றினால் அதே தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும்.

‘இழுப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். மூச்சு வாங்கி, நெஞ்சில் விசில் சத்தம் கேட்பதையும் இழுப்பு என்கிறார்கள். கை கால் வெட்டி இழுப்பதையும் இழுப்பு என்கிறார்கள். ஒன்று ஆஸ்துமா, மற்றது வலிப்பு.

‘வாய்வு’ என்ற சொல் எத்தனை பேரை வாரிக்கொண்டு போயிருக்கிறது! நெஞ்சில் கனம், இடது தோளுக்கும் தாடைக்கும் பரவுகிற வலி, சில்லென்று வியர்வை. ‘வாய்வுப் பிடிப்பு, சோடா குடித்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டிலே படுத்துவிடுகிறார்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும். வெறும் அசதியும் மூச்சுத் திணறலும்தான் தெரியும். வாய்வு என்ற சொல் காதில் விழுந்தால், ‘எங்கே வலி, எப்போது தொடங்கியது, வியர்த்ததா, மூச்சு வாங்குகிறதா?’ என்ற நான்கு கேள்விகளும் உங்கள் வாயில் வர வேண்டும்.

‘ஜன்னி’ என்றும் சொல்வார்கள். காய்ச்சலில் பிதற்றுவதும் ஜன்னி, குழந்தைக்குக் காய்ச்சலில் வருகிற வெட்டும் ஜன்னி. பிரசவ ஜன்னி என்றால் இன்னும் குழப்பம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பையும் அப்படிச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு கிருமி தொற்றி வருகிற காய்ச்சலையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கு முகம் வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கி, ரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால், அது வலிப்புக்கு முன்னறிவிப்பு. ஜன்னி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

‘பூச்சி கடிச்சிடுச்சு’ என்று வயல் வேலை செய்கிற சகோதரி சொல்கிறாள். உங்களுக்கே தெரியும், நம் ஜனங்கள் இராத்திரியில் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பூச்சிக்கடி’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கட்டுவிரியன் கடித்தால் பல பேருக்கு வீக்கமும் இராது, வலியும் இராது, பல் தடமும் தெரியாது. வயிற்று வலி வரும், கண் இமை செருகும், பிறகு மூச்சு நிற்கும். ஆகவே, ‘எந்தப் பூச்சி? பார்த்தீங்களா? தரையில் படுத்திருந்தீங்களா?’ என்று கேளுங்கள். கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். விஷமுறிவு மருந்து நம் நாட்டிலே தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு, வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துடையது. உங்கள் பக்கத்துக் குடிசைத் தொழிலாளியின் உழைப்பில் வருகிற மருந்து அது! ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டு அதை வீணாக்கலாமா?

‘வாதம் அடிச்சிடுச்சு’, ‘காத்து அடிச்சிடுச்சு’ என்பது இன்னொன்று. முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதம் என்றே நினைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?’ இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கி எழுதி அனுப்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

உடம்பின் பெயர்களிலும் கவனம் வேண்டும். தமிழிலே கை என்றால் தோளிலிருந்து விரல் வரை கை. கால் என்றால் தொடையிலிருந்து பாதம் வரை கால். ‘கால் வலி’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. தொடையா, முழங்காலா, கெண்டைக்காலா, கணுக்காலா, குதிகாலா? முழங்கையா, மணிக்கட்டா? வலது, இடது என்பது எப்போதும் நோயாளியின் வலது, இடது. எதிரே நிற்கிற உங்களுடையது அல்ல.

நான்கு எண்கள்

இனி ஆஸ்பத்திரிச் சொற்கள். முதலில் தெரிய வேண்டியவை நான்கு. டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன், பி.பி. தமிழில் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம். இவற்றை உயிர்க்குறிகள் என்கிறோம்.

உடல் வெப்பம் சாதாரணமாக ஃபாரன்ஹீட்டில் 98.6, சென்டிகிரேடில் 37. ஃபாரன்ஹீட்டில் 100.4-க்குப் போனால் காய்ச்சல். நாடித்துடிப்பு, ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100. சுவாசம் 12 முதல் 20. ரத்த அழுத்தம் 120-க்கு 80 என்பது நல்ல அளவு. 140-க்கு 90 என்று திரும்பத் திரும்பக் காட்டினால் அது உயர் ரத்த அழுத்தம். ஜனங்கள் ‘எனக்கு பிரஷர் இருக்குது’ என்பார்கள். பிரஷர் எல்லோருக்கும் இருக்கிறது! எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. விரலில் மாட்டுகிற கருவி காட்டுவது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு. அது 95-க்கு மேல் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம்.

குழந்தையின் கணக்கு வேறு. குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாக மூச்சு விடும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் மூச்சு விட்டால், அது வேக சுவாசம், நிமோனியாவின் அடையாளம். ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தையிடம் உதவாது. சளி என்று ஊரில் சொல்கிறார்களே, மூக்கு ஒழுகுவதும் சளி, நிமோனியாவும் சளி! எண்ணிப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பார்க்காத பல்ஸை எழுதாதீர்கள். நேற்று எழுதிய எண்ணைப் பார்த்து இன்றும் அதையே எழுதுவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. வேலைப் பளு உண்மைதான். ஒருவர் முப்பது பேரைப் பார்க்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பது? ஆள் போதாது என்றால் ஆள் போதாது என்று சொல்லுங்கள். சங்கமாகச் சேர்ந்து சொல்லுங்கள். பார்க்க முடியாமல் போனால் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும். காலிக் கட்டத்தைப் பார்க்கிற டாக்டர் கேள்வி கேட்பார். பொய் எண்ணைப் பார்க்கிற டாக்டர் நிம்மதியாகப் போய்விடுவார்.

சீட்டில் உள்ள எழுத்துக்கள்

சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு தடவை. பி.டி. என்றால் இரண்டு தடவை. டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஸ்டாட் என்றால் இந்த நிமிஷமே. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின். ஐ.வி. என்றால் ரத்தக்குழாய் வழி, ஐ.எம். என்றால் தசையில், எஸ்.சி. என்றால் தோலுக்கு அடியில்.

என்.பி.ஓ. என்று எழுதியிருந்தால் வாய் வழியாக எதுவும் கூடாது. எதுவும் என்றால் தண்ணீரும் கூடாது, காப்பியும் கூடாது. ‘ஆபரேஷனுக்குப் போற பிள்ளை வெறும் வயிறாப் போகுதே’ என்று பாட்டி ஒரு இட்லியை ஊட்டிவிடுவாள். அன்புதான். ஆனால் மயக்க மருந்து கொடுத்ததும் அந்த இட்லி மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆகவே அந்த எழுத்துக்களைப் பாட்டிக்குப் புரிகிற தமிழில் காரணத்தோடு சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. காரணம் தெரிந்த பாட்டி ஊட்ட மாட்டாள்.

மி.கி. வேறு, மி.லி. வேறு. முன்னது மருந்தின் எடை, பின்னது திரவத்தின் அளவு. குழந்தைக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாரசிட்டமாலைப் பாருங்கள். ஒரு குப்பியில் 5 மி.லி.க்கு 125 மி.கி., இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி., சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி.! ‘ஒரு ஸ்பூன் குடு’ என்றால் எந்தக் குப்பியில் ஒரு ஸ்பூன்? எந்த ஸ்பூன்? குப்பியோடு வந்த மூடியில் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

இன்சுலின் விஷயம் இன்னும் கடுமை. நம் நாட்டில் இன்சுலின் குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட் என்றும் வருகிறது, 100 யூனிட் என்றும் வருகிறது. அதற்கேற்ற ஊசியும் இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கு உரிய ஊசியில் எடுத்தால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட் போடுவீர்கள்! குப்பியில் உள்ள எண்ணையும் ஊசியில் உள்ள எண்ணையும் வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்க்காமல் நர்ஸ் கையில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

படுக்கையில் கிடப்பவர்

வீடு தேடிப் போய்ச் சேவை செய்யும் வேலை இப்போது பெருகி வருகிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து கொடுப்பதும், படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பதும் வீட்டு வாசலுக்கே வந்தன. படுக்கையில் கிடப்பவரிடம் மூன்று சொற்களை மறக்கக் கூடாது.

முதலாவது, படுக்கைப் புண். பின்மண்டை, தோள்பட்டை, முதுகின் அடி எலும்பு, இடுப்பு, குதிகால் - எலும்பு முட்டுகிற இடமெல்லாம் இது வரும். தொடக்கத்தில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காது. ஆனால் நம் ஜனங்களின் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதுதான் முதல் மருந்து.

இரண்டாவது, புரையேறுதல். ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தலையில் தட்டுவோமே, அதேதான். பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறினால் அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது. சோறோ தண்ணீரோ மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கவளமாக ஊட்ட வேண்டும். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்காதீர்கள். ‘சாப்பிடும்போது மூன்று தடவை புரையேறியது’ என்று எழுதுவது அற்ப விஷயம் அல்ல. டாக்டருக்கு அது பெரிய செய்தி.

மூன்றாவது, உட்போனதும் வெளிவந்ததும். ஆஸ்பத்திரியில் இன்டேக், அவுட்புட் என்பார்கள். குடித்த தண்ணீர், கஞ்சி, ஏறிய குளுக்கோஸ் ஒரு பக்கம். மூத்திரம், வாந்தி, பேதி மறு பக்கம். பெரியவருக்கு மூத்திரம் மணிக்கு 30 மி.லி.க்குக் குறைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். மூத்திரப் பை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையைத் தொடக் கூடாது.

சொல்லும் முறை

‘சிஸ்டர், அந்த அம்மாவுக்கு ரொம்ப முடியலை’ என்று ஓடி வருகிறீர்கள். நர்ஸ் வேறு வேலையில் இருக்கிறார். ‘இதோ வர்றேன்’ என்கிறார். நேரம் போகிறது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘6-ஆம் படுக்கை, 62 வயசு அம்மா. சர்க்கரை உண்டு. பத்து மணியிலிருந்து மூச்சு வாங்குது. பல்ஸ் 112, மூச்சு 28, பி.பி. 90-க்கு 60, ஆக்ஸிஜன் 89. வியர்த்துக் கொட்டுது. நீங்க இப்பவே வரணும்.’ எந்த நர்ஸாவது உட்கார்ந்திருப்பாரா? யார், என்ன, எப்போதிலிருந்து, எவ்வளவு, என்ன வேண்டும் - இந்த ஐந்தும் இருந்தால் உதவியாளரின் சொல்லுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மதிப்பு உண்டு. நர்ஸ் ஒரு வேலை சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லி, ‘சரிதானே?’ என்று கேளுங்கள். புரியாத சொல்லைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் வெட்கக் கேடு.

மனிதரைக் குறிக்கும் சொல்

நோயாளிக்கும் ஒரு பெயர் உண்டு. ‘ஏழாம் நம்பர் பெட்’, ‘அந்தச் சுகர் கேஸ்’ என்று கூப்பிடாதீர்கள். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் இயங்கி வருகிறது. முன்பெல்லாம் குஷ்டரோகி என்ற ஒரு சொல் ஒரு மனிதரை ஊரைவிட்டே துரத்தியது. இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகள் குணப்படுத்துகின்றன. சொல்லும் மாறியது, நோயாளியின் கதியும் மாறியது. ஆனாலும் பழைய சொல் ஊரில் இருக்கிறது. உங்கள் வாயில் இருக்கக் கூடாது. பைத்தியம், நொண்டி, அனாதைக் கேஸ் இவையும் அப்படித்தான்.

உங்களைக் குறிக்கிற சொல்லையும் பாருங்கள். இந்த ஜில்லாவில் ஆயா என்றால் பாட்டி, மரியாதையான சொல். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அதே சொல் ‘ஏ ஆயா!’ ஆகிவிடுகிறது. செவிலி என்றால் யார்? பழந்தமிழ்ப் பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலி. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் நர்ஸைத் தாதி என்கிறார்கள். அதற்கும் வளர்ப்புத் தாய் என்றே பொருள். உங்கள் தொழிலின் பெயரிலேயே தாய் இருக்கிறாள்.

தமிழில் முடியுமா?

‘இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்கள் விவகாரம், எங்களுக்கு வருமா?’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மிஷன் ஊழியர். மானிப்பாயில் வைத்தியம் செய்தார், மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள்; கிராமம் கிராமமாகவே இருந்தது. 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இரண வைத்தியம் என்றால் அறுவை சிகிச்சை. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. தமிழில் சொல் கிடைத்த இடத்தில் அதை எடுத்தார். கிடைக்காத இடத்தில் வடமொழியை எடுத்தார். கெமிஸ்ட்ரி நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர் வைத்தார்! தயக்கமே இல்லை. மாணவனுக்குப் புரிய வேண்டும், நோயாளி பிழைக்க வேண்டும். அதுதான் அவருடைய அளவுகோல்.

உங்களுக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும். நாடித்துடிப்பு என்றும் தெரியட்டும், பல்ஸ் என்றும் தெரியட்டும். நோயாளியிடம் தமிழ், சீட்டில் ஆஸ்பத்திரிச் சொல். இரண்டில் எதுவும் இழிவல்ல, எதுவும் உயர்வல்ல.

இன்னும் சில சொற்கள்

கடைசியாக, எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தராத சில சொற்கள் உண்டு. நியமன உத்தரவு, குறைந்தபட்சக் கூலி, சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஷிப்ட், மிகைநேரக் கூலி. இவையும் உங்கள் தொழிற்சொற்களே! ரத்தம், மலம், சளி தொடுகிற வேலைக்குக் கையுறை வேண்டும், ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி வேண்டும். கையில் ஊசி குத்திவிட்டால் அதற்கு ஊசிக்குத்துக் காயம் என்று பெயர். அதை எழுத்தில் பதிவு செய்து உடனே சிகிச்சை கேட்க வேண்டும். மி.கி.க்கும் மி.லி.க்கும் வித்தியாசம் தெரிந்தவரை, தினக்கூலிக்கும் சம்பளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவராக யாரும் ஏமாற்ற முடியாது. திருமுக்கூடல் பெண்களின் கூலி கல்லிலாவது எழுதப்பட்டிருந்தது. உங்கள் கூலி ஒரு காகிதத்திலாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்!

இன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் ஊர்ச் சொல். இரண்டாவதில் ஆஸ்பத்திரிச் சொல். மூன்றாவதில், அந்த ஊர்ச் சொல்லைக் கேட்டால் நீங்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், அவளுக்கு நூறு சொல் தெரியும். நர்ஸிடம் கேளுங்கள், அவர் திருத்திக் கொடுப்பார். ஒருவர் நோட்டை ஒருவர் மாற்றிப் படியுங்கள். ஆறு மாதத்தில் இந்த வட்டாரத்துக்கே உதவுகிற ஓர் அகராதி உங்கள் கையில் இருக்கும். முதல் வரியில் மயக்கம் என்று எழுதுங்கள். அதற்கான கேள்விகளை இன்றைக்கே எழுதிவிடலாம்.